பையா, மடியா? சுகர் கிளைடர் வளர்ப்புக் கையேடுகள் பற்றி ஒரு மதிப்பீடு

ஆஸ்திரேலியாவின் காடுகளிலும் நியூகினித் தீவிலும் வாழும் சுகர் கிளைடர் என்னும் சிறு பிராணியைப் பற்றி வாசகர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். உள்ளங்கையில் அடங்கிவிடும் உடல். முன்காலையும் பின்காலையும் இணைக்கும் ஒரு தோல் சவ்வு. அதை விரித்துக்கொண்டு ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு 50 மீட்டர் தூரம் வரையில் காற்றிலே சறுக்கிச் செல்லும். இனிப்பான மரச்சாற்றையும் பூந்தேனையும் விரும்பி உண்பதால் சர்க்கரையின் பெயர் இதற்கு வந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உள்ள பறக்கும் அணிலை நினைவூட்டும் உருவம்தான். ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. அணிலின் குட்டி கருப்பையில் வளர்ந்து பிறக்கிறது. கிளைடர், கங்காருவைப் போலத் தன் குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் பைப்பாலூட்டி இனம்.

1990-களிலிருந்து அமெரிக்காவில் இது வீட்டுப் பிராணியாகப் பரவியது. அங்கே கலிபோர்னியா, ஹவாய் போன்ற சில மாநிலங்களில் இதை வளர்க்கத் தடை உண்டு. மற்றப் பெரும்பாலான மாநிலங்களில் வளர்க்கிறார்கள். அமெரிக்க வீடுகளில் உள்ள கிளைடர்களின் முன்னோர் இந்தோனேசியாவின் மேற்குப் பப்புவாப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பதை 2019-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. வளர்ப்போர் பெருகியதும் அவர்களுக்கு வழிகாட்டும் கையேடுகளும் பெருகின. அக்கையேடுகளில் ஒரேயொரு பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். பெண் கிளைடரின் பையில் நோய் வந்திருப்பதை எப்படிக் கண்டுகொள்வது என்று அவை சொல்லும் பகுதி அது.

பௌதிகம் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நோயைக் கண்டுகொள்வது என்பதும் ஓர் அளவீடுதான். அளவீடு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம், எதை அளக்கிறோம், எதிலிருந்து அளக்கிறோம் என்ற இரு கேள்விகளும் வந்தே தீரும். கையேடுகள் தடுமாறுவது இந்த இரண்டு கேள்விகளில்தான்.

பெயர் தந்த தவறான படம்

கையேடுகள் அனைத்தும் பையை ஒரு சட்டைப் பை போலவே வருணிக்கின்றன. குட்டியை வைத்துச் சுமக்க இயற்கை தந்த வசதியான உறை என்பதே அவை தரும் படம். இந்தப் படம் பழையது. 1629-இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் கப்பல் உடைந்து ஒதுங்கிய டச்சுக்காரர் பிரான்சிஸ்கோ பெல்சார்ட், அங்கிருந்த வாலபியின் பையில் காம்போடு ஒட்டியிருந்த குட்டியைக் கண்டார். குட்டி அந்தக் காம்பிலிருந்தே முளைக்கிறது என்று எழுதிவைத்தார். 1698-இல் ஆங்கில மருத்துவர் எட்வர்ட் டைசன், அமெரிக்க ஒப்போசம் ஒன்றை அறுத்து ஆராய்ந்து எழுதியபோது, பணப்பை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லை அதன் பெயராக்கினார். இந்த இனம் முழுவதற்கும் அந்தப் பெயரே நிலைத்தது. பிறந்த ஒப்போசக் குட்டி தானாகவே ஊர்ந்து பைக்குள் போய்ச் சேருவதைக் கார்ல் ஹார்ட்மன் நேரில் கண்டு விளக்கமாக வெளியிட்டது 1920-இல்தான். உண்மை தெளிந்துவிட்டது, ஆனால் பணப்பை என்ற பெயரும், அது தரும் படமும் மாறவில்லை.

உண்மையில் பைக்குள் என்ன இருக்கிறது? பெண் கிளைடரின் பைக்குள் வழக்கமாக நான்கு காம்புகள் உண்டு. அவற்றின் பின்னே பால் சுரப்பிகள். உட்தோலில் எண்ணெயும் மணமும் சுரக்கும் சுரப்பிகள். கிளைடர் 16 நாட்கள் அளவில் கருவைச் சுமந்து, சுமார் 0.2 கிராம் எடையுள்ள குட்டியை ஈனுகிறது. ஏறக்குறைய எட்டுப் பத்து அரிசி மணிகளின் எடை அது. அக்குட்டிக்குக் கண் இல்லை, காது இல்லை, உரோமம் இல்லை. நோயை எதிர்த்து நிற்கும் அமைப்பும் அதன் உடலில் இன்னும் உருவாகவில்லை. ஊர்ந்து சென்று ஒரு காம்பைக் கவ்வுகிறது. காம்பின் நுனி அதன் வாய்க்குள்ளேயே பருத்துக்கொள்ள, முதல் சில வாரங்கள் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பைக்குள் அதன் வாசம் ஏறத்தாழ 70 நாட்கள்.

எதிர்ப்பாற்றல் இல்லாத இந்தக் குட்டியைக் கிருமிகளிடமிருந்து காப்பது எது? பையும் பாலுமே. குவாக்கா, டம்மார் வாலபி ஆகிய இரு பைப்பாலூட்டிகளை ஆராய்ந்தவர்கள், குட்டி ஈனும் காலத்தை ஒட்டிப் பையிலுள்ள பாக்டீரியாக்களின் கூட்டம் மாறுவதைக் கண்டிருக்கிறார்கள். டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்கின் பையின் உட்தோலிலும் பாலிலும் பாக்டீரியாக்களைக் கொல்லும் புரதங்கள் இருப்பதைச் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்டனர். ஆகவே பை என்பது வெறும் உறையாக இருக்க முடியாது. தன் நிலையைத் தானே மாற்றிக்கொள்கிற ஓர் உயிருள்ள உறுப்பு அது.

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் கைவசமே இருக்கிறது. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்கிறோம். அந்த மடி பணம் முடிந்த ஆடை. குழந்தை உறங்குவதும் மடியில். பசு பால் சுரப்பதும் மடியில். பணப்பை, தாலாட்டும் இடம், பால் சுரக்கும் உறுப்பு ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்குகிறது. கிளைடரின் பையில் நடப்பதும் இந்த மூன்றும்தான். அதில் வரும் நோய்களுள் முக்கியமான ஒன்றை நம் கிராமத்து மாடு வளர்ப்பவர் எவரும் பெயர் சொல்லிவிடுவார். அது மடிநோய்.

இந்தச் சொல் வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. பை என்று எண்ணுகிறவருக்கு, அழுக்குப் பட்டால் திறந்து துடைக்கலாம், நீர் விட்டுக் கழுவலாம் என்றே தோன்றும். பஞ்சும் கிருமிநாசினியும் கொண்டு சுத்தம் செய்யும் யோசனைகள் வளர்ப்போரிடையே உலவுவதற்கு இதுவே காரணம். மடி என்று எண்ணுகிறவர் அப்படிச் செய்யத் தயங்குவார். காம்போடு ஒட்டிய 0.2 கிராம் குட்டியை விரலால் தொட்டு இழுத்தால், குட்டியின் வாயும் கிழியலாம், தாயின் காம்பும் புண்ணாகலாம். அந்தப் புண் வழியே கிருமி நுழையும். நோய் இருக்கிறதா என்று பார்க்கப் போய் நோயை உண்டாக்கிய கதையாகிவிடும்.

சுழிப்பிழை

வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுத்த மாணவர் முதலில் செய்ய வேண்டியது என்ன? தாடைகளை மூடி, சுழி சுழியோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது. பொருந்தாவிட்டால் அந்தச் சுழிப்பிழையைத் திருத்தாமல் எடுத்த அளவு எதுவும் பயன்படாது.

கையேடுகள் தரும் அறிகுறிப் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: நாற்றம், கசிவு, வீக்கம், ஓயாது நக்குதல், குட்டியை இழத்தல், சோர்வு, பசியின்மை. இவற்றில் எதுவும் பொய் இல்லை. இவை இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள் என்று சொல்வதும் சரியே. இந்தப் பட்டியலால் பிழைத்த பிராணிகள் இருக்கும். அந்தப் பெருமையைக் கையேடுகளுக்கு மறுக்கக் கூடாது. ஆனால் இவற்றுள் ஒவ்வொன்றும் நலமான கிளைடரிடமும் ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. அந்த அளவு எவ்வளவு என்பதே சுழி. அதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் கொடுத்தால், ஒருவர் காரணமின்றிப் பதறுவார். இன்னொருவர் காரணம் இருந்தும் அசட்டையாக இருப்பார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாற்றம். கிளைடர் மணத்தால் பேசும் பிராணி. பெண்ணின் பையிலும் மணச் சுரப்பிகள் உள்ளன. மணமே இல்லாத பை என்று ஒன்று இல்லை. அன்றாடம் உள்ள மணம் மாறி, புளித்த அல்லது அழுகிய நெடி வருமானால் அதுவே செய்தி. அன்றாட மணத்தை அறியாதவருக்கு இந்த மாற்றம் தெரியாது.

கசிவு. குட்டி இல்லாத காலத்தில் பல பைப்பாலூட்டிகளின் பைக்குள் பழுப்பு நிறத்தில் மெழுகு போன்ற படிவு சிறிது இருப்பது இயல்பு. சீழ், இரத்தம், பையின் வாயைச் சுற்றிலும் ஈரமாகித் திரித்திரியாக ஒட்டிக்கொண்ட உரோமம் ஆகியவை இயல்பல்ல. பட்டியலில் கசிவு என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது.

வீக்கம். இதுவே மிகுதியும் குழப்புவது. குட்டி வளர வளரப் பை புடைக்கும்; முதலில் கடலைப் பருப்பு அளவில் ஒன்றோ இரண்டோ மேடு தெரியும். வாரத்துக்கு வாரம் ஒழுங்காகப் பெருக்கும். நோயினால் வரும் வீக்கம் சிவந்து, சூடாக, கெட்டியாக இருக்கும். தொட்டால் தாய் சீறும் அல்லது ஒதுங்கும். இங்கே கையேடுகள் மறந்துவிடும் ஓர் எளிய தர்க்கம் உண்டு. பல மாதங்களாக ஆண் துணையே இல்லாமல் வளரும் பெண்ணின் பையில் மேடு தோன்றினால் அது குட்டியாக இருக்க வழியில்லை. கிருமித் தொற்றோ, கட்டியோதான். பைக்குள் இருக்கும் பால் சுரப்பிகளில் புற்றுக்கட்டி வந்த கிளைடர்களைக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குட்டி வந்துவிட்டது என்று மகிழ்ந்து காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பிராணிக்கு இழப்பு.

நக்குதல். ஈனுவதற்கு முன்பு பையை நக்கிச் சுத்தம் செய்வதும், பின்பு குட்டியின் கழிவை நக்கி அகற்றுவதும் தாயின் கடமை. உரோமம் உதிரும்படி, தோல் புண்ணாகும்படி, உணவையும் விட்டுவிட்டு நக்குவதோ கடிப்பதோ துன்பத்தின் அடையாளம். கூண்டில் தனியே அடைபட்ட கிளைடர் மனஅழுத்தத்தினால் தன்னையே கடித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆகவே நோய், தனிமை ஆகிய இரு காரணங்களையும் மருத்துவர் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

குட்டியை இழத்தல். குட்டி பைக்கு வெளியே விழுந்து கிடந்தாலும், தாயே அதைத் தின்றுவிட்டாலும், கையேடுகள் பெரும்பாலும் அதிர்ச்சியையோ தாயின் அனுபவமின்மையையோ காரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அப்படியும் நேரும், மறுக்கவில்லை. ஆனால் மடிநோய் கண்ட பசு கன்றை உதைத்துத் தள்ளுவதை நாம் அறிவோம். அதைக் கெட்ட தாய் என்று எந்த உழவரும் சொல்வதில்லை. உடனே குனிந்து மடியைத் தொட்டுப் பார்ப்பார். குட்டியை இழந்த கிளைடரின் உடல்நிலையை முதலில் சோதிக்கச் சொல்லாத கையேடு, தாயின் மேல் பழி போட்டு நோயைத் தப்பவிடுகிறது.

சோர்வு. கிளைடர் இரவில் விழித்திருக்கும் பிராணி. பகலில் சுருண்டு கிடப்பது சோர்வாகாது. இரவில், கூண்டில் தாவ வேண்டிய நேரத்தில் ஒதுங்கிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். குளிரும் பசியும் சேர்ந்தால் உடல் வெப்பத்தைத் தாழ்த்திக்கொண்டு மரத்துக் கிடக்கும் இயல்பும் இதற்கு உண்டு. பட்டியலில் உள்ள ஒற்றைச் சொல் இதையெல்லாம் சொல்லாது.

நூறு கிராமின் கணக்கு

கையேடுகளில் காணாத இன்னொன்று, அளவின் உணர்வு. வளர்ந்த பெண் கிளைடரின் எடை சுமார் 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடையில் 10 கிராம் குறைந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, உரோமம் மறைத்துவிடும். ஆனால் 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு 6 கிலோ குறைந்ததற்குச் சமம் அது. உடலின் பரப்புக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். எடை 600 மடங்கு குறையும்போது, ஒரு கிராமுக்குரிய பரப்பு ஏறத்தாழ 8 மடங்கு கூடுகிறது. வெப்பமும் நீரும் அந்தப் பரப்பின் வழியே வெளியேறும். உண்ணாமல், குடிக்காமல் இருக்கும் ஒரு நாள் நமக்கு உபவாசம். கிளைடருக்கு அது உயிராபத்து. உடனே மருத்துவரை நாடுக என்று கையேடு சொல்லும்போது, உடனே என்பது எத்தனை மணி நேரம் என்பதை இந்தக் கணக்குத்தான் உணர்த்தும். நாளை மறுநாள் என்று தள்ளிப்போடும் காரியம் அல்ல இது.

வீட்டிலிருக்கும் மருந்தைச் சிறிது கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் கணக்கே பதில். 60 கிலோ மனிதருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை என்றால், எடை விகிதப்படி 100 கிராம் பிராணிக்கு 0.83 மில்லிகிராம். ஆனால் உயிர்ச்செயல் வேகம் எடைக்கு நேர் விகிதத்தில் அமைவதில்லை. எடையின் முக்கால் அடுக்கை ஒட்டி மாறுகிறது என்று மாக்ஸ் கிளைபர் 1932-இல் காட்டினார். அதன்படி கணக்கிட்டால் 4.1 மில்லிகிராம் வருகிறது. பைப்பாலூட்டிகளின் உயிர்ச்செயல் வேகமோ அதே எடையுள்ள மற்றப் பாலூட்டிகளைவிடச் சுமார் 30 சதவிகிதம் குறைவு. அதையும் சேர்த்தால் 2.9. ஒரே மாத்திரைக்கு மூன்று விடைகள்! சிறியதற்கும் பெரியதற்கும் ஐந்து மடங்கு வித்தியாசம். இவற்றுள் எதுவும் மருந்தளவு அன்று என்பதே இந்தக் கணக்கின் பாடம். எந்தக் கிருமி என்று தெரியாமல், எந்த மருந்து என்று தெரியாமல், அளவும் தெரியாமல் கொடுப்பது மருத்துவம் ஆகாது. பையின் கசிவைப் பஞ்சில் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, பாக்டீரியாவா பூஞ்சையா என்று தெளிந்த பிறகே மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

வேறு ஒரு நூல் காட்டும் வழி

இதையெல்லாம் எளிய கையேட்டில் எதிர்பார்க்கலாமா என்று ஓர் ஆட்சேபம் எழலாம். ஹியூ டின்டேல்-பிஸ்கோ எழுதிய பைப்பாலூட்டிகளின் வாழ்க்கை பற்றிய ஆங்கில நூலை இங்கே நினைவுகூரலாம். காஷ்மீரில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வாலபிகளின் இனப்பெருக்கத்தை நெடுங்காலம் ஆராய்ந்தவர் அவர். 1973-இல் வந்த நூலைப் புதிதாக எழுதி 2005-இல் மறுபடியும் வெளியிட்டார். அது வளர்ப்புக் கையேடு அன்று. நோய்க்கு வழி சொல்ல எழுந்ததும் அன்று. ஆனால் பை எப்படி இயங்குகிறது என்பதை அதில் படித்த ஒருவர், கையேட்டின் பட்டியலை முற்றிலும் வேறு கண்ணோடு பார்ப்பார். அறிகுறிகளை மனப்பாடம் செய்வதைவிட உறுப்பின் வேலையை அறிவது அதிகம் உதவும். அந்த நூலின் சாரத்தில் இரண்டு பக்கம் எடுத்துக் கையேட்டின் முன்னால் சேர்த்தால் போதும், எளிமை கெட்டுப்போகாது.

அடுத்த நான்கு பக்கங்களையும் இப்படி அமைக்கலாம். ஒரு பக்கம், எடைக் குறிப்பு: கிராம் காட்டும் சமையலறைத் தராசில், துணிப்பையில் வைத்து, வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுவதற்குக் கட்டங்கள். ஒரு பக்கம், நாட்குறிப்பு: ஆணோடு சேர்த்த நாள், பிரித்த நாள், மேடு முதலில் தெரிந்த நாள், குட்டி வெளிவந்த நாள். ஒரு பக்கம், நலமாக இருக்கும்போது கண்டவை: பையின் வாய் எப்படி இருந்தது, மணம் எப்படி, இரவில் எத்தனை சுறுசுறுப்பு. பையை விரிக்காமல், பிராணி தானே தொங்கும்போதும் தாவும்போதும் வெளியிலிருந்து பார்த்து எழுத வேண்டியவை இவை. கடைசிப் பக்கம், செய்யக் கூடாதவை: வலிந்து திறத்தல், கழுவுதல், களிம்பு தடவுதல், மனித மருந்து கொடுத்தல், காம்பிலிருந்து குட்டியைப் பிரித்தல், காத்திருத்தல்.

நோயுற்ற பிராணியோடு இந்தப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு வருபவரிடம் மருத்துவர் பாதிக் கேள்விகளைக் கேட்க வேண்டியதில்லை. சென்ற வாரம் 104 கிராம், இன்று 95 கிராம் என்ற ஒரு வரி, கொஞ்சம் வாடினாற்போல் இருக்கிறது என்ற பத்து வாக்கியங்களைவிட அதிகம் சொல்லும்.

மாணவ நண்பர்களே, நீங்கள் கிளைடரை வளர்க்கப் போவதில்லை. அது தன் காட்டிலேயே, தன் கூட்டத்தோடேயே வாழ்வதுதான் அதற்கும் நல்லது. ஆனாலும் இந்த மதிப்பீடு உங்களுக்கு எழுதப்பட்டதே. உடல்நலம் பற்றி, பயிர் பற்றி, இயந்திரம் பற்றி இனி எந்த வழிகாட்டியைப் புரட்டினாலும், அறிகுறிப் பட்டியல் ஒன்று கட்டாயம் இருக்கும். அப்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று இந்நூல் சொல்கிறதா? நலமாக இருக்கும்போது அளவு என்ன என்று சொல்கிறதா? இரண்டுக்கும் விடை இல்லையென்றால், பட்டியல் எவ்வளவு நீளமாயிருந்தாலும் அது சுழி காட்டாத அளவுகோல்தான். கிளைடர் கையேடுகள் இன்று அந்த நிலையில் இருக்கின்றன. அவற்றின் அடுத்த பதிப்பில் அந்தச் சுழி குறிக்கப்பட வேண்டும். ஏனெனில் ஒரு பையில் வரும் நோய், தாய், குட்டி என்ற இரண்டு உயிர்களின் நோய்.